சட்டமே அழிக்கச் சொன்ன பெயர்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், மறுபடி விவரிக்கவில்லை. "முன்னாள் இளம் குற்றவாளி, இன்று சிறுவர்களுக்காகப் போராடுபவர்" என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள், கைதட்டலும் விழுந்தது. அங்கேயே மறுத்திருக்க வேண்டும். பேசாமல் மைக்கை வாங்கிக்கொண்டேன், மூன்று நாளாக அதுதான் உறுத்துகிறது.

நான் குற்றவாளி இல்லை. ரோஷத்தில் சொல்லவில்லை, சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-வது பிரிவு, பிள்ளைகள் விஷயத்தில் குற்றம்சாட்டும் சொற்களே வரக்கூடாது என்கிறது. 24-வது பிரிவு வழக்குப் பதிவுகளையே அழிக்கச் சொல்கிறது. 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்ற வழக்கில் குழந்தைகள் நீதிமன்றம் வரை போனவர்களுக்குத்தான் விலக்கு. என் காலத்தில் இருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பதிவை நீக்கச் சொல்லியிருந்தது. சட்டமே அழிக்கச் சொன்னதை நீங்கள் மைக்கில் வாசிக்கிறீர்கள்.

"பாராட்டித்தானே சொன்னோம்" என்று நேற்று ஒருவர் போனில் சொன்னார். பாராட்ட என் வேலை இருக்கிறதே. வாரம் இரண்டு நாள், சிறுவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வெளியே நிற்கும் அம்மாக்களிடம் ஜாமீன் என்றால் என்ன, நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தால் என்ன கேட்பார், சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலுக்குக் காசு தர வேண்டியதில்லை என்றெல்லாம் சொல்கிறேன். வெளியே வந்த பையனை மறுபடி பள்ளியில் சேர்க்கத் தலைமையாசிரியர் அறை வாசலில் மணிக்கணக்காக நிற்கிறேன். அதைச் சொல்லி அழைத்திருக்கலாம்.

"நீயே உன் கதையைச் சொல்கிறாயே" என்பவர்களுக்கு: ஆமாம், வழக்கில் சிக்கிய சிறுவர்களை அடைத்து வைக்கும் கூர்நோக்கு இல்லத்துப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து சொல்கிறேன். நான் சொல்வதும் நீங்கள் அறிவிப்பதும் ஒன்றா?

சரி, கதையையும் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் நண்பன் கொண்டுவந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். திருட்டு வண்டி என்று தெரியுமா என்றால், பாதி தெரியும். ஸ்டேஷனில் முதலில் என் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள், அம்மா கோயிலில் மந்திரித்துக் கட்டிவிட்டது. அப்புறம் இல்லத்தில் 47 நாள். 23 வயதில் ஒரு வேலைக்காக நன்னடத்தைச் சான்று கேட்டு ஸ்டேஷனுக்குப் போனபோது ரைட்டர் பழைய நோட்டைப் புரட்டி, "நீ அந்த பைக் கேஸ் பையன்தானே" என்றார். முடிந்த வழக்கைச் சான்றிதழுக்காகப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்று 74-வது பிரிவு இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வேலை போயிற்று. அந்தக் கோபத்தில்தான் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். இல்லம் என்னைத் திருத்தி அனுப்பியது என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

பாதிக்கப்பட்டவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். பைக் பால் ஊற்றுகிறவருடையது, நாலு மாதம் கழித்துத்தான் அவர் கைக்குப் போனது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எதைப் பேசினாலும் 2012 டெல்லி நிர்பயா வழக்கைக் கொண்டுவராதீர்கள். அதில் ஆறு பேரில் ஒருவனுக்குத்தான் 18 நிரம்பவில்லை. அதன் பிறகு எழுந்த கோபத்தில், கொடுங்குற்றம் என்றால் 16 வயதிலேயே பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்று சட்டம் மாறி, 2016 ஜனவரியிலிருந்து அமலிலும் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? செல்போன் எடுத்த பையனுக்கும் அதே கோபமா? 2022 டிசம்பரில் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்ட 17 வயதுப் பையன் இறந்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்களே கைதானார்கள். இந்த இல்லங்களைச் சீர்செய்ய வழி சொல்லச் சொல்லி அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் ஒரு நபர் குழு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்தப் பையனுக்கு 'முன்னாள்' ஆகிற வாய்ப்பே கிடைக்கவில்லை. அவன் பெயரை மேடையில் யார் வாசித்தீர்கள்?

வீடியோ எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது. அந்த 47 நாளும் நான் சேலத்தில் சித்தி வீட்டில் இருந்ததாகத்தான் அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தார், 14 வருடமாக ஒரு வார்த்தை மாறாமல். திங்கட்கிழமையிலிருந்து அம்மா தெருக்குழாய்ப் பக்கம் போகவில்லை. குடங்களை நான்தான் எடுத்துப் போகிறேன்.