வளர்ச்சி ஹார்மோன் ஊசியை நம்பி இறங்காதீர்கள்

எலும்பு ஒட்டு (குறைபட்ட இடத்தில் வேறு எலும்பை எடுத்து வைப்பது) வைத்தவர்கள் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் எலும்பு சீக்கிரம் கூடிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எலிகளில் செய்த பல சோதனைகளில் பலன் தெரிந்தது உண்மைதான், இந்த ஹார்மோன் கல்லீரலில் ஐஜிஎஃப்-1 என்ற, வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனின் சுரப்பைக் கூட்டி, எலும்பு கட்டும் செல்களைத் தூண்டிவிடுகிறது. ஆனால் மனிதர்களுக்கு இது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. சர்க்கரை ஏறும், கை கால் வீங்கும், புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. 1999இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐசியுவில் கவலைக்கிடமாக இருந்தவர்களுக்கு அதிக அளவில் கொடுத்தபோது இறப்புதான் கூடியது. அப்புறம், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்த ஒட்டு நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் சிகரெட்டை நிறுத்துங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். இதை அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.