24-4 என்று தோற்ற ஆட்டம்

2023 ஜூன் 25 அன்று, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில், மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்ல வேண்டிய இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திடம் 24-4 என்று நொறுங்கியது. அந்தத் தொடரில் பயிற்சியாளர் ஜே ஜான்சனின் மிகச் சிறந்த வேலை அந்தப் படுதோல்வியில்தான் தெரிந்தது என்பேன்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்கச் சற்று நேரமாகும். ஒருநாள் ஆட்டத்தில் யாரும் பத்து ஓவருக்கு மேல் வீச முடியாது. கல்லூரி பேஸ்பாலில் ஒரு பிட்ச்சர் (பந்து எறிபவர்) எத்தனை பந்து எறியலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. 64 அணிகள் நான்கு நான்காகப் பிரிந்து மோதும் முதற்கட்டத்தில், இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம் என்பதால், முதல் ஆட்டத்தில் சறுக்கிய அணி மேலே போக வேண்டுமானால் ஒரே வார இறுதியில் ஐந்து ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும். பருவம் முழுக்க வாரம் மூன்று நான்கு ஆட்டங்களுக்கென்று கட்டிய பந்துவீச்சுப் படை அங்கேதான் கிழிகிறது.

தொடரின் கடைசிக் கட்டம் நடக்கும் ஓமஹாவில் எல்.எஸ்.யூ. ஜூன் 19 அன்று வேக் ஃபாரஸ்டிடம் தோற்றது. இன்னொரு தோல்வி வந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அணியின் நட்சத்திரமான பால் ஸ்கீன்ஸ் ஜூன் 17 அன்றுதான் எறிந்திருந்தார். ஜூன் 20 அன்று டென்னசிக்கு எதிராக ஜான்சன் யாரும் எதிர்பாராதபடி நேட் அக்கன்ஹாஸனைத் தொடக்கப் பிட்ச்சராக இறக்கினார். நடுவில் வந்து எறிந்து பழகிய அவர் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்தார் (பேஸ்பாலில் ஒரு ஆட்டம் வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்; சமநிலையில் இருந்தால் நீளும்). ஸ்கீன்ஸை ஜூன் 22 வரை தொடாமல் வைத்திருக்க முடிந்தது அதனால்தான். அன்று ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸில் 120 பந்துகள் எறிந்தார். எதிரணியான வேக் ஃபாரஸ்ட் தன் பிட்ச்சர் ரெட் லவுடரை 7 இன்னிங்ஸ், 88 பந்துகளோடு நிறுத்திக்கொண்டது. ரன்னே இல்லாமல் போன ஆட்டத்தை 11-ஆவது இன்னிங்ஸில் எல்.எஸ்.யூ.வின் டாமி ஒயிட் அடித்த ஹோம்ரன் (மைதானத்துக்கு வெளியே பறக்கும் அடி) 2-0 என்று முடித்துவைத்தது. லவுடரை எடுத்தது தவறு என்று இன்றுவரை சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பந்து எங்கே போய் விழுந்தது என்பதை வைத்து அதற்கு நான்கு இன்னிங்ஸ் முன்னால் எடுத்த முடிவை எடை போடக் கூடாது.

பிறகுதான் அந்த 24-4. ஆட்டம் கைவிட்டுப் போனது தெரிந்ததும், மறுநாள் தொடங்க வேண்டிய தாட்சர் ஹர்டை ஜான்சன் தொடவில்லை. தொலைக்காட்சியில் ஒவ்வொரு ரன்னாக ஏற, அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு பயிற்சியாளருக்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஜூன் 26 அன்று ஹர்ட் ஆறு இன்னிங்ஸ் எறிந்தார். 18-4 என்று கோப்பை வந்தது. ஸ்கீன்ஸ் இறுதிச் சுற்றில் ஒரு பந்துகூட எறியவில்லை. சில வாரங்களில், தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பைரேட்ஸ் அணி அவரை நாட்டின் முதல் தேர்வாக எடுத்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிர், 2009 மே 30 அன்று ஆஸ்டினில் நடந்தது. டெக்ஸாஸ், பாஸ்டன் காலேஜை 25 இன்னிங்ஸ் ஆடி 3-2 என்று வென்றது. டெக்ஸாஸின் ஆஸ்டின் வுட் 13 இன்னிங்ஸில் 169 பந்துகள் எறிந்தார். முந்தைய நாளும் இரண்டு இன்னிங்ஸ் எறிந்தவர் அவர். எதிர்ப்பக்கம் மைக் பெல்ஃபியோரி 129 பந்துகள். அதைக் காவியமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. "பையன்தான் பந்தைக் கொடுக்க மாட்டேன் என்றான்" என்பது வழக்கமான பதில். கேட்டால் எந்தப் பையன் கொடுப்பான்? வாங்கத்தானே பயிற்சியாளருக்குச் சம்பளம்.

உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கு 2017 முதல் மாநிலங்கள் பந்து எண்ணிக்கை வரம்பு வைத்தாக வேண்டும். 17 வயதில் இருந்த பாதுகாப்பு 19 வயதில் காணாமல் போகிறது. இத்தனைக்கும் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற பரிந்துரை அட்டவணை கையிலேயே இருக்கிறது: 19 முதல் 22 வயதுள்ளவர் 106 பந்தோ அதற்கு மேலோ எறிந்தால் ஐந்து நாள் ஓய்வு. அதைக் கல்லூரித் தொடரில் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அந்த விதி 2023-இல் இருந்திருந்தால், ஜூன் 17 அன்று 106 பந்துக்கு மேல் எறிந்திருந்த ஸ்கீன்ஸ், நான்கு நாள் ஓய்வோடு ஜூன் 22 அன்று எறிந்திருக்கவே முடியாது. நான் பார்த்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த ஆட்டம் அது. இருந்தாலும் கோரிக்கையை மாற்றிக்கொள்வதாக இல்லை.