முதல்ல நீங்க எந்த மதம்னு சொல்லுங்க

கருத்தரங்கில் ஐயா வைகுண்டரை வழிபடும் ஐயாவழியைப் பற்றிக் கட்டுரை வாசித்த பெண்ணிடம் ஒரு பெரியவர் மதம் கேட்ட அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு, அதனால் கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் அந்த ஹாலில் நாலாவது வரிசையில் இருந்தவன். வாட்ஸப்பில் சுற்றுகிற துண்டில் இல்லாத இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் அதற்கு முன் 18 நிமிடம் பேசியிருந்தாள். ஐயாவழிக்காரர்களின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலில், பள்ளியறையில் சிலை இருக்கும் இடத்தில் ஏன் கண்ணாடி இருக்கிறது, கும்பிடப் போகிற ஆண்பிள்ளை ஏன் தலைப்பாகை கட்டுகிறான், அங்கே சமைத்துப் பகிரும் உம்பான் சோற்றுக்கு அரிசி யார் வீட்டிலிருந்து வருகிறது, எந்தக் கிழமை யார் அடுப்பு மூட்டுவது என்று நோட்டைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். கேள்வி கேட்ட பெரியவர் எனக்கு முன்வரிசை. அந்த 18 நிமிடமும் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அழைப்பிதழிலேயே அவள் பெயரைப் படித்துவிட்டு வந்தவருக்குக் கட்டுரை எதற்கு?

"மேடம், முதல்ல நீங்க எந்த மதம்னு சொல்லிட்டுப் பேசுங்க."

தலைமை வகித்தவர் சிரித்தார். "சொல்லிடுங்கம்மா, அதுல என்ன இருக்கு" என்றார். அவள் சொன்னாள். ஹாலில் ஒரு "ஆங்" எழுந்தது பாருங்கள், அது வீடியோவில் விழவில்லை. ஏதோ திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த "ஆங்". அதன்பிறகு அரிசியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நேற்றிலிருந்து நண்பர்கள் எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். "கேள்வி நியாயம்தானே, ஆய்வாளர் தன் நம்பிக்கையை வெளிப்படையாகச் சொல்வதுதானே நேர்மை, மேலைநாட்டில் எல்லாரும் முன்னுரையில் எழுதுகிறார்களே." சரி. எழுதட்டும். அன்றைக்கு அதே மேடையில் ஆறு பேர் கட்டுரை வாசித்தார்கள். மீதி ஐந்து பேரிடம் ஏன் கேட்கவில்லை? சுசீந்திரம் கோயிலைப் பற்றி வாசித்தவரிடம் "ஐயா, நீங்கள் தாணுமாலயனைக் கும்பிடுவீர்களா, கும்பிட்டால் உங்கள் ஆய்வு பக்தி ஆகாதா" என்று ஏன் கேட்கவில்லை? கேட்கமாட்டோம். அவர் பெயர் சரியான பெயர். சரியான பெயர் உள்ளவருக்கு மதமே கிடையாது, அவர் வெறும் ஆய்வாளர். தப்பான பெயர் உள்ளவளுக்கு மட்டும்தான் மதம் இருக்கிறது.

நான் சொல்லவந்தது இவ்வளவுதான். இது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி அல்ல, பெயரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயரை வைத்து நான் எந்தப் பக்கம் என்று எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவின் கருங்கலிலோ மார்த்தாண்டத்திலோ எவரும் சொல்லிவிட முடியாது. நம்மூரில் ராஜ், மணி, தங்கம் என்று முடிகிற பாதிப் பெயர்கள் கோயில் கொடைவிழாவுக்கும் செல்லும், சர்ச் ஆண்டுவிழாவுக்கும் செல்லும். 20 வருஷத்துக்கு மேலாக இசக்கி, சுடலை போன்ற நாட்டார் தெய்வங்கள், வில்லுப்பாட்டு என்று மேடை மேடையாகப் பேசுகிறேன். ஒருத்தராவது கேட்டிருப்பாரா? கிடையாது. என் ஆய்வு அவ்வளவு நடுநிலையாக இருந்ததாலா? பெயர் என்னைக் காப்பாற்றியது. அந்தப் பிள்ளையை அவள் பெயர் காப்பாற்றவில்லை.

இன்னும் ஒரு படி போவோம். அந்தந்த மதத்துக்காரன்தான் அந்தந்த மதத்தை எழுத வேண்டும் என்றால் சிதறால் மலையை யார் எழுதுவது? தீர்த்தங்கரர்களைப் பாறையில் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், கீழே ஊரில் தேடிப்பார்த்தால் ஒரு சமணக் குடும்பம் இல்லை. நாகர்கோவிலுக்குப் பெயர் கொடுத்த நாகராஜா கோயில் தூணிலேயே பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ராஜஸ்தானிலிருந்து ஆள் கூட்டிவரவா? தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் கிறித்தவமும் தமிழும் எழுதினார், 1940இல் பௌத்தமும் தமிழும், 1954இல் சமணமும் தமிழும். மதம் என்ற கட்டத்தில் அந்த மனிதர் மூன்று தடவையும் என்ன நிரப்பியிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

தாமிரபரணிக் கரை நாட்டார் தெய்வங்களைப் பற்றித் தமிழில் நடந்த நல்ல ஆய்வுகளில் ஒரு பெரும்பங்கு பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்து வந்தது. ஏசு சபைக் கல்லூரி. பேராசிரியர் லூர்து அங்கே இருந்துதான் நாட்டார் வழக்காற்றியலை ஒரு துறையாக நிறுத்தினார். அங்கே பதிவு செய்த பாட்டையெல்லாம் பெயரைப் பார்த்துத் தள்ளிவிடலாமா? தள்ளினால் பாட்டுத்தான் போகும்.

"கால்டுவெல்லை மறந்துட்டீங்களா?" என்று ஒருத்தர் இன்பாக்ஸில் வந்து கேட்டார். மறக்கவில்லை ஐயா, உங்களைவிட எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. 1849இல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சாணார்கள் (இன்றைய நாடார்கள்) புத்தகம் எங்கள் பாட்டன்மாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் இன்றைக்குப் படித்தாலும் வயிறு எரியும். ஆனால் அவர் தன் நம்பிக்கையை மறைத்தாரா? மிஷனரி என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டுதானே எழுதினார். முழு வெளிப்படை. அதனால் புத்தகம் நேர்மையாகிவிட்டதா? இன்னொன்று, அவரை எதிர்த்து முன்னால் நின்ற அருமைநாயகம் சட்டாம்பிள்ளை யார்? அவரும் கிறிஸ்தவர்தான். கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யார் பொய் சொன்னார், யார் உண்மை சொன்னார் என்று கண்டுபிடித்துவிடுவீர்களா?

ஐயா வைகுண்டர் விஷயத்துக்கே வருவோம். அவர் வாழ்ந்த காலத்தையும் அதை ஒட்டியும் வெளியாட்கள் எழுதிவைத்த குறிப்புகளில் முக்கியமானவை லண்டன் மிஷன் அறிக்கைகள். முத்துக்குட்டியின் (வைகுண்டரின் முந்தைய பெயர்) கூட்டம் தங்கள் வேலைக்குப் பெரிய தடையாக இருக்கிறது என்று புலம்பி எழுதியிருக்கிறார்கள். எதிரி எழுதியதுதான். இன்றைக்கு ஐயாவழியைப் பற்றிப் பேசுகிற எவரும், பக்தர் உட்பட, அந்தப் புலம்பலை எடுத்துக்காட்டாமல் பேச முடிவதில்லை. "ஆகா, எழுதினவர்கள் மிஷனரிகள் என்று தெரிந்ததால்தானே நாம் அதை ஜாக்கிரதையாகப் படிக்கிறோம்" என்பீர்கள். சரிதான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஜாக்கிரதையாகப் படிப்பது வேறு, மேடையில் நிறுத்தி வைத்து விசாரிப்பது வேறு. அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

"ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் சொல்ல என்ன தயக்கம்?" என்று ஒருத்தர். இவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"நம்பிக்கை இல்லாதவர்தான் நடுநிலையாக எழுத முடியும்" என்று பகுத்தறிவு நண்பர் ஒருவர். அண்ணே, அதுவும் ஒரு கட்டம்தான். இவான்ஸ் பிரிட்சார்ட் ஆப்பிரிக்காவில் நூயர் மக்களின் மதத்தை ஆராய்ந்த பெரிய மானிடவியலாளர், 1944இல் கத்தோலிக்கராக மாறியவர். மதம் எப்படி உண்டானது என்று கோட்பாடு கட்டிய பெரிய ஆட்கள் பலரும் நம்பிக்கையற்றவர்கள் என்பதை அவர்தான் சுட்டிக்காட்டினார். மதம் ஒரு மாயை என்று முடிவுகட்டிவிட்டு மாயை எப்படி வந்தது என்று தேடுகிறவரும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுகொண்டுதானே தேடுகிறார்? நீங்களும் முன்னுரையில் போடுங்கள், "நான் சாமி கும்பிடாதவன், ஆகவே ஜாக்கிரதை" என்று. போடுவீர்களா?

அமெரிக்காவிலும் இது நடந்ததுதான். 2013இல் ரெசா அஸ்லான் ஏசுவைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது ஃபாக்ஸ் நியூஸில் "நீங்கள் முஸ்லிம் ஆயிற்றே, ஏசுவைப் பற்றி ஏன் எழுதினீர்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தான் முஸ்லிம் என்பதை அவர் புத்தகத்திலும் சொல்லியிருந்தார், அந்தப் பேட்டியிலும் சொன்னார். கேள்வி நின்றதா? சொன்னாலும் நிற்காது, சொல்லாவிட்டாலும் நிற்காது.

ஆய்வாளர் எதையும் சொல்லவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே நின்று பார்த்தாய், யார் உள்ளே விட்டார்கள், எந்த வாசலில் நிறுத்தினார்கள், பாட்டைச் சொன்னவருக்கு நீ யார் என்று தெரியுமா, இதெல்லாம் எழுதத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள். பெண் என்பதால் தன்னால் எங்கே நெருங்க முடிந்தது, எங்கே முடியவில்லை என்று இரண்டு பக்கம். அதை வாசித்துவிட்டா கேட்டார் அந்தப் பெரியவர்?

இந்த ஜில்லாவில் மதம் கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் எங்கள் அரசியல் முழுக்க நடக்கிறது. 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது எனக்கு 9 வயசு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அம்மா சொன்னாள், "வழியில யாராவது பேரு கேட்டா உன் பேரை மட்டும் சொல்லு மக்களே. அப்பா பேரைச் சொல்லாதே." என் பெயர் எதற்கு அப்படி இரண்டுங்கெட்டானாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த ஹாலில் கேள்வி விழுந்தபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது இதனால்தான். உங்களுக்கு இது ஆய்வு அறம். எனக்கு அது வழியில் பேரு கேட்கிறவன் குரல்.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வுக்காக முதன்முதலில் ஓர் இசக்கி கோயில் கொடைக்குப் போனேன். விடியவிடிய வில்லுப்பாட்டு. குடம் அடிக்கிறவர் பக்கத்தில் டேப் ரிகார்டரோடு உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் சாமியாடுகிற கோமரத்தாடி வந்து எல்லாருக்கும் மஞ்சள் குழைத்த மஞ்சணை கொடுத்தார். நான் ஒரு நிமிஷம் தயங்கினேன். அப்புறம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். சட்டைக் காலரில் பட்டதைப் பார்க்கவில்லை.

அம்மா பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடிக் கல்லில் போட்டுச் சோப்புத் தேய்த்தாள். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் சிவந்துபோகும், தெரியும்தானே? காலர் ரத்தம் மாதிரி ஆகிவிட்டது. அதை வெயிலில் காயப்போட்டுவிட்டு வந்து, ஏதோ சந்தைக்குப் போனவனிடம் கேட்பது மாதிரி, "நீலி கையில கள்ளிக்கொப்பைக் கொடுத்தானா, கரிக்கட்டையைக் கொடுத்தானா புலவன்?" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற அம்மா. அவள் பிறந்த வீட்டுக்குப் பின்புறம் இசக்கி கோயிலாம். கொடை பார்க்கப் போனால் சபையில் பேச்சு வரும் என்று வீட்டுக்குள் பாயில் படுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக வருஷாவருஷம் கேட்டிருக்கிறாள். நான் அதுவரை பதிவு செய்திருந்த பாட்டுகளில் இசக்கி கதையில் வரும் நீலி கள்ளிக்கொப்பைத்தான் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அம்மா கேட்ட பாட்டில் கரிக்கட்டை. அன்று மத்தியானம் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், 11 பக்கம் வந்தது.

(இதைப் படித்துவிட்டு "அப்போ நீங்க அந்தப் பக்கமா" என்று கமென்டில் துள்ளவேண்டாம். அம்மா எது என்றுதான் சொன்னேன். நான் எது என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.)

ஆனால் ஒன்று என்னை நேற்று ராத்திரியெல்லாம் உறுத்தியது. நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் என்று ஒன்று வரும். பெயர், வயது, ஊர், தொழில், சாதி, மதம். பாட்டுச் சொன்ன கிழவியிடமும் வில்லடித்த புலவரிடமும் நாம் எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட "முதல்ல நீ சொல்லு" என்று திருப்பிக் கேட்டதில்லை.

அம்மாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தேன். மதம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். நெறியாளர் சிவப்பு மையால் சுழித்து "விடுபட்டுள்ளது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சபையில உள்ளவங்க யாராவது இதைப் படிப்பாவளா மக்களே?" என்றாள்.

யாரும் படிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு நிரப்பிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அப்படி ஒரு கட்டம் கிடையாது. பின்னிணைப்பில் 14ஆவது தகவலாளர்: வயது 61, வீட்டு வேலை, சாதி, மதம். ஒன்றும் விடுபடவில்லை.