மூலையில் தொடங்கும் குரோஷா போர்வை: செவ்வகமும் வரும்

“மூலையில் இருந்து போட்டால் சதுரம்தான் வரும், செவ்வகம் வேண்டுமென்றால் முதலிலேயே அகலத்துக்குச் சங்கிலி எண்ணிப் போடணும்” என்று ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அது சரியில்லை அக்கா. மூலையிலிருந்து சாய்வாக வளரும் இந்தக் கொக்கி ஊசிப் பின்னல் முறையின் சௌகரியமே ஆரம்பத்தில் எண்ண வேண்டாம் என்பதுதான்.

6 சங்கிலி (ஒன்றுக்குள் ஒன்றாக இழுக்கும் நூல் வளையங்கள்) போட்டு, ஊசியிலிருந்து 4-வது சங்கிலியிலும் அடுத்த இரண்டிலும் டபுள் குரோஷே (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான தையல்) போட்டால் முதல் கட்டம் தயார். அப்புறம் ஒவ்வொரு வரிசையையும் புதுச் சங்கிலி போட்டுத் தொடங்குவதால் வரிசைக்கு ஒரு கட்டம் கூடும். அகலம் போதும் என்று தோன்றும்போது அந்தப் பக்கம் மட்டும் குறையுங்கள். மறுபக்கம் கூட்டிக்கொண்டே போங்கள். நீளமும் வந்ததும் இரண்டு பக்கமும் குறைத்தால் செவ்வகம். குறைப்பது என்றால் புதுச் சங்கிலி போடாமல், முந்தைய கட்டத்தின் மேல் ஸ்லிப் தையலில் (உயரம் கூட்டாத சின்னத் தையல்) நகர்ந்து தொடங்குவது, அவ்வளவுதான்.

நூல் போதுமா என்ற பயம் சதுரத்துக்கும் வேண்டாம். தராசில் பாதி எடை தீர்ந்ததும் குறைக்கத் தொடங்கலாம். ஓரத்துக்கான நூலை மட்டும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

வரிசைக்கு வரிசை நிறம் மாற்றினால் வண்ணப் பட்டைகள் குறுக்காகச் சாய்ந்துதான் விழும். நம் சென்னை வெக்கைக்குப் பருத்தி நூல் தேவலை. கனம் கொஞ்சம் கூடும்.