ஓமைத் திருப்பிப் போட்டால் மோ

மின்தடையும் (மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது) கடத்துதிறனும் (எவ்வளவு எளிதாக விடுகிறது) 'எதிரெதிர்' என்று சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதிர் இல்லை, தலைகீழ். 20 ஓம் (மின்தடையின் அலகு) மின்தடை என்றால் கடத்துதிறன் 1/20, அதாவது 0.05 சீமென்ஸ் (கடத்துதிறனின் அலகு). (முன்பெல்லாம் சீமென்ஸுக்குப் பதில் ஆங்கில ohm-ஐயே திருப்பி mho என எழுதி 'மோ' என்பார்கள், எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும்.)

சரி, ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்கிறவர்கள் பக்க இணைப்பில் (இரண்டு தடைகளையும் அருகருகே, ஒரே இரு முனைகளுக்கு இடையே இணைப்பது) கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 ஓமும் 5 ஓமும் பக்க இணைப்பில் இருந்தால் 0.05, 0.2 இரண்டையும் அப்படியே கூட்டி 0.25, திருப்பினால் 4 ஓம், வேலை முடிந்தது.

அப்புறம், 230 வோல்ட்டில் எரியும் 100 வாட் குண்டு பல்புக்கு 529 ஓம் (230 × 230 ÷ 100) வரணும், அணைந்திருக்கும்போது அளந்தால் மீட்டர் 40 சொச்சம்தான் காட்டுது என்று குழம்பாதீர்கள், இழை சூடேறினால்தான் தடையும் ஏறும்.