குடிநோய் இருந்தால் பிரிட்டனில் மருத்துவர் பதிவு பறிபோகுமா?

"பிரிட்டனில் குடிநோய் இருப்பது தெரிந்தாலே மருத்துவரின் பதிவு வாழ்நாளுக்கும் போய்விடும், அதனால் வெளியே சொல்லாதீர்கள்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ஆபத்தான தவறும்கூட. உதவி கேட்க நினைப்பவரின் வாயை அது அடைத்துவிடுகிறது.

அங்குள்ள 1983ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, உடல்நலக் குறைவு ஒன்றே காரணமாக இருக்கும் வழக்கில் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முடியாது. குடிநோயும் உடல்நலக் குறைவாகவே பார்க்கப்படுகிறது. மருத்துவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் முதலில் 12 மாதம் வரை இடைநீக்கம் செய்யலாம், பிறகு அதை நீட்டிக்கவும் செய்யலாம். இல்லையென்றால் நிபந்தனைகளோடு வேலை செய்ய விடலாம்: மதுவைத் தொடக்கூடாது, ரத்தம், முடி பரிசோதனைக்கு ஒத்துழைக்க வேண்டும், சிகிச்சையைத் தொடர வேண்டும், மேற்பார்வையில் பணிபுரிய வேண்டும்.

சரி, போதையில் நோயாளியைப் பார்த்தால்? அது நடத்தைக் குற்றம், அதற்குப் பெயர் நீக்கம் வரலாம். அப்போதும் 5 ஆண்டுகள் கழித்து மீண்டும் பதிவு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு.

அப்புறம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டால், மருத்துவர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் பொது மருத்துவ மன்றத்துக்கு (GMC) தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாக மாறலாம்.