அந்தப் படத்தைப் பகிர வேண்டாம்

நவம்பர் 30 நெருங்குகிறது, 2017இல் ஒக்கிப் புயல் எங்கள் கன்னியாகுமரிக் கரையை அடித்த நாள். அந்தப் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கடற்கரை மணலில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக் கதறும் வயதான பெண். மேலே 'ஒக்கி நினைவு நாள்' என்று எழுத்து, ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி. உங்களில் பலர் போன வருஷம் பகிர்ந்தீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள் என்று தெரியும்.

அந்தப் பெண் என் அம்மா.

2017 நவம்பர் இரண்டாவது வாரம் அண்ணன் கொச்சியிலிருந்து போட் ஏறினான். தங்கு கடல் வேலை. எங்கள் தூத்தூர் பக்கத்து ஆட்கள் போனால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள். நீரோடியில் இருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் இதுதான் பிழைப்பு. 29ஆம் தேதியும் 30ஆம் தேதியும் கரையில் எச்சரிக்கை சொன்னபோது அவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். போட்டில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. லட்சத்தீவில் ஒதுங்கியவர்கள் உண்டு, மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் கரையேறியவர்கள் உண்டு. ஒவ்வொரு போன் வரும்போதும் அம்மா வாசலுக்கு ஓடுவாள். அப்படி ஓடிப்போய்க் கரையில் உட்கார்ந்த ஒரு மாலையில் யாரோ எடுத்த படம் அது. எடுத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. எடுத்ததே தெரியாது.

நானும் படம் எடுக்கிறவன்தான். கல்யாணம், முதல் திருவிருந்து என்று ஸ்டுடியோ வேலை சோறு போடுகிறது. மிச்ச நாளில் கரையின் வாழ்க்கையை ஆவணமாக்குகிறேன். அந்த வாரம் என் கழுத்திலும் கேமரா தொங்கியது. டிசம்பர் 7 அன்று 'காணாமல் போனவர்களைத் தேடுங்கள்' என்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அங்கே நானும் இருந்தேன். அழுகிற தாய்மாரைக் கிட்டே போய் எடுத்தேன். என் அம்மாவுக்கு ஒருவர் செய்ததை நான் பலருக்குச் செய்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். போலீஸ் புகாருக்கு போட்டோ, மீன்வளத்துறைக்கு போட்டோ, கோயில் பிளெக்ஸுக்கு போட்டோ. கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக எடுத்த படம் எங்கே இருக்கிறது? வருஷத்தில் வீட்டில் இருப்பதே கொஞ்ச நாள். தங்கச்சி கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவருவார்கள், மகளின் ஞானஸ்நானப் படத்தைக் கொண்டுவருவார்கள். மேடையில் கடைசி வரிசையில் பாதி முகம் தெரியும் ஆளைக் காட்டி, 'இவுரு மட்டும் வேணும்' என்பார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து வெட்டுவேன். பின்னால் இருக்கும் சீரியல் விளக்கை அழித்து நீலக்கலர் போடுவேன். ஒரு படத்தில் தோளில் இன்னொருவரின் கை கிடந்தது. அதை அழிக்கப் போனேன். அந்த மைனி தடுத்துவிட்டாள். "அந்தக் கை கெடக்கட்டும் தம்பி. அவனும் அதே போட்டுலதான் போனான்."

அந்த இரண்டு மாதத்தில் நான் எடுத்த படங்களைவிட, இப்படி வெட்டிக் கொடுத்த படங்கள்தான் கரைக்கு உதவின. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, தாலுகா ஆபீசுக்குக் கூடப் போவது எல்லாமே படம் எடுக்கும் வேலையில் சேர்ந்ததுதான். வேறு வேறு வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் கரைக்கு வர வேண்டாம்.

அண்ணனுடைய படத்தையும் அதே கம்ப்யூட்டரில்தான் பெரிதாக்கினேன். சாதாரணமாகக் காணாமல் போனவர் இறந்ததாகக் கருத ஏழு வருஷம் ஆக வேண்டும். ஒக்கிக்கு அரசு தனி நடைமுறை வைத்து அதற்கு முன்பே சான்றிதழ் கொடுத்தது. 20 லட்சம் நிவாரணமும் வந்தது. அண்ணி பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்க அது தேவைதான். ஆனால் பிரேம் போட்டுக் கீழே தேதி எழுதப் போன அன்றைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் என்னைக்கு மரிச்சாம்ணு ஒனக்குத் தெரியுமா மக்களே? தெரியாம நீயா ஒரு தேதி போடாத." இன்றுவரை அந்தப் படத்தில் தேதி இல்லை, மாலையும் இல்லை.

'அந்த அழுகைப் படங்கள் வராவிட்டால் டெல்லி திரும்பிப் பார்த்திருக்குமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. 2017 டிசம்பரில் அந்தப் படங்களுக்கு வேலை இருந்தது. கப்பலையும் ஹெலிகாப்டரையும் இன்னும் தூரமாக அனுப்பச் சொல்லிக் கேட்டோம், அதற்கு அவை துணை நின்றன. இன்றைக்கு அதே படம் யாரிடம் எதைக் கேட்கிறது? அண்ணன் மகள் அன்றைக்கு நாலாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ. கூடப் படிக்கும் பிள்ளையின் ஸ்டேட்டஸில் பாட்டி கதறுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

குழித்துறையில் எடுத்த படங்களைப் பிரின்ட் போட்டு, விசாரித்து விசாரித்து வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் வாங்கி பைபிளுக்குள் வைத்தார்கள். ஒரு அம்மா என் முன்னாலேயே கிழித்தார். அவர் படத்தை ஹார்ட் டிஸ்கிலிருந்தும் அழித்தேன். நல்ல பிரேம்தான். ஆனாலும் அவருடைய முகம், அவருடைய முடிவு. இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு நாலைந்து தடவை போய் டீ குடித்துப் பேசிய பிறகுதான் கேமராவை வெளியே எடுக்கிறேன். கொடுத்துவிட்டு வர ஒரு பிரின்ட் இல்லாமல் அடுத்த படம் எடுப்பதில்லை.

இந்த வருஷம் அம்மாவின் படத்தைப் பகிராதீர்கள். போட்டிருந்தால் அழித்துவிடுங்கள். ஒக்கியை நினைக்கப் படம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள். அண்ணன் போட்டின் முன்பக்கம், அணியத்தில் நின்று, ஒரு பெரிய சூரை மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம் இருக்கிறது, அவன் கூட்டாளி போனில் எடுத்தது. அம்மாவிடம் கேட்டுவிட்டேன், கொடுக்கலாம் என்றாள். கீழே தேதி மட்டும் போடாதீர்கள்.